கலர் சார்ட்டர் வழக்கும் என் வயிற்றெரிச்சலும்

நைனா,

நம் வக்கீல் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் செயலாளரே கொடுத்துவிட்டார்: ‘வணிகச் சட்டம் - இன்றைய சிக்கல்களும் வேலைவாய்ப்புகளும்.’ அவர் என்னிடம் கேட்ட விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. “மேடம், தம்பி இப்ப இந்த லைன்லதான பெரிய ஆளா கீறாரு, அவருகிட்ட சொல்லி ஒரு நாலு பக்கம் எழுதி வாங்கிக் குடுத்துடுங்க” என்றார். முப்பது வருஷமாக அதே சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவள் எதிரில் நிற்கிறேன். எழுதுவதற்கு நான் ஆள் இல்லையாம், எழுதி வாங்கிக்கொண்டு வருவதற்கு ஆளாம். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன், மகன் உனக்கே எழுதுகிறேன். மலரில் அச்சாவதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ புது வேலைக்காகச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறாய். அதற்கு முன் வியாழக்கிழமை ஊருக்கு வந்து இரண்டு நாள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாய். நேரில் பேசிக்கொள்ளலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேரில் பேசினால் நான் வாதாட ஆரம்பித்துவிடுவேன், அது எனக்குத் தொழில். எழுதினால்தான் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வாலாஜாபாத் மில்காரருடைய வழக்கை நான் கெடுத்துவிட்டேன். அவர் மறுபடியும் கோர்ட்டுக்குப் போக இன்னும் இருபத்து மூன்று நாள்தான் காலக்கெடு இருக்கிறது. அது போய்விட்டால் அவருக்கு வழக்கே கிடையாது. கெடுத்ததற்குப் பாதிக் காரணம் சட்டம் தெரியாதது. மீதிப் பாதி நீ.

பதறாதே. நீ ஒன்றும் செய்யவில்லை. எனக்கு உன் மேல் பொறாமை, அவ்வளவுதான். பெற்ற பிள்ளை மேல் ஒருத்திக்குப் பொறாமை வருமா என்று கேட்பார்கள். வரும், எனக்கு வந்தது. உன் அப்பா பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடமெல்லாம் உன்னைப் பற்றிப் பெருமையடிப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். “பையன் இன்னா பண்றாரு?” என்று யாராவது என்னைக் கேட்டால், “கம்பெனிங்களுக்குப் பேப்பர் பாத்துக் குடுக்கறான், கோர்ட்டுப் பக்கம்லாம் வர்றதில்ல” என்பேன். கோர்ட் ஏறாத வக்கீல் என்றால் நம் ஊர்க் கணக்கில் பாதி வக்கீல். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

இந்த வயிற்றெரிச்சல் உன்னிடம் ஆரம்பித்ததும் இல்லை. செங்கல்பட்டில் என் சீனியரிடம் நான் சேர்ந்தபோது ஜூனியர்கள் மூன்று பேர், இரண்டு பையன்களும் நானும். ஜீவனாம்சம் என்றால் வழக்குக் கட்டு நேராக என் மேஜைக்கு வரும். வியாபாரி யாராவது உள்ளே நுழைந்தால் சீனியர் என்னைப் பார்த்து, “நீ கொஞ்சம் வெளிய இரும்மா, அவரு ஃப்ரீயா பேசட்டும்” என்பார். ஒருமுறை உரக் கம்பெனி ஏஜென்சி ஒப்பந்தத்தை மீறிய வழக்கு ஒன்றுக்குப் பிராது முழுவதையும் நான்தான் எழுதினேன். எழுதிய தாளை வாங்கிக்கொண்டு கோர்ட்டில் எழுந்து நின்றவன் பக்கத்து மேஜைப் பையன். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, என் வாக்கியங்களை அவன் வாயால் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் அவன் தப்பாக வாசித்து நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். எனக்கு அன்று பூராவும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு உத்திரமேரூருக்கே வந்து தனியாகப் போர்டு மாட்டினேன். வியாபாரிகள் என்னைத் தேடி வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தார்கள். பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் தகராறு, தங்கைக்கு ஜீவனாம்சம், அம்மா பேரில் இருக்கிற வீட்டில் பாகம், இதற்கெல்லாம் வந்தார்கள். ‘வக்கீலம்மா மாதிரி உண்டா’ என்று வாயாரச் சொல்வார்கள். அதே ஆளுக்கு டீலர்ஷிப்பில் தகராறு என்றால் காஞ்சிபுரம் பஸ் ஏறிவிடுவார். ஏறுகிறவர் கொஞ்சம் தள்ளிப் போய் ஏறலாம் இல்லையா? என் ஆபீஸ் வாசலில் நின்றுதான் பஸ்ஸுக்குக் கை காட்டுவார்.

நீ சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு நன்றாக இருக்கிறது. நெல் மண்டிக்கு ஒரு குடோன் வாடகை ஒப்பந்தம் எழுதியிருந்தேன். டைப்பிங் பிழை இருக்கிறதா பார் என்று உன்னிடம் கொடுத்தேன். நீ சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எட்டாவது ஷரத்தும் பதினான்காவது ஷரத்தும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஓரத்தில் கேள்விக்குறியும் போட்டுக் கொடுத்தாய். சரியாகத்தான் போட்டிருந்தாய். நான் சிரித்துக்கொண்டே வாங்கி, குமாஸ்தா ஏழுமலையிடம் கொடுத்து, “மொதல்ல இருந்த மாதிரியே அடி” என்றேன். சிவப்புப் பேனாவை என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். நீ இரண்டு நாள் தேடினாய். “நா பாக்கலியே” என்று சொன்னேன். நல்ல வேளை, அந்தக் குடோன்காரர்களுக்குள் சண்டை வரவில்லை.

இந்த இடத்தில் கட்டுரைக்கு உண்டானதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் செயலாளர் கோபித்துக்கொள்வார். புதிதாகக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கும் பிள்ளைகள் வணிகச் சட்டம் என்றால் கண்ணாடிக் கட்டிடம், ஏ.சி., நுனி நாக்கு இங்கிலீஷ் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் புழுங்கினேன். நீ போனில் உன் நண்பர்களோடு பேசுவதையெல்லாம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்காத மாதிரி கேட்பேன். அப்படித் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டதுதான் இது. விதை வாங்குகிற விவசாயிகூட இன்றைக்கு போனில் ஒரு ஓடிபி சொல்லி நாற்பது பக்க ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்கிறார், ஒருவரும் ஒரு வரி படிப்பதில்லை. தகராறு வந்தால் நடுவரைக் கம்பெனியே நியமிக்கும் என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு கட்சிக்காரர் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடுவரை வைக்கக்கூடாது என்று கோர்ட்டுகள் சொல்லியும் அச்சடித்த தாள் மாறவில்லை. பெரிய கம்பெனி திவால் ஆனால் பேங்க் முன்வரிசையில் நிற்கும், அரிசிச் சாக்கு தைத்துக் கொடுத்தவர் கடைசியில் நிற்பார். அந்தக் கடைசி ஆளுக்குக் காலத்தோடு உரிமை கோரும் படிவத்தை நிரப்பிக் கொடுக்க நம் தாலுகாவில் ஒரு வக்கீல் கிடையாது. வேலைவாய்ப்பு எங்கே என்று கேட்கிற பிள்ளைகள் அங்கே போய் நிற்கலாம். அதற்குக் கண்ணாடிக் கட்டிடம் வேண்டாம்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. ஒப்பந்தத்தை இப்போது கம்ப்யூட்டரே படித்து ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுகிறது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது என்று நீ ஒருநாள் கவலையாகப் பேசினாய். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. உன் கூட்டத்துக்கும் பயம் என்று ஒன்று வந்ததே என்று நினைத்தேன். கையிலிருந்த கீரையை விட்டுவிட்டுத் தண்டை ஆய்ந்துகொண்டிருந்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது?

சரி, வழக்குக்கு வருகிறேன். மில்காரரை உனக்குத் தெரியும். அவர் தங்கைக்கு ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்தது நான்தான், ஆறு வருஷம் இழுத்தது. அவர் தன் மில்லுக்குக் கலர் சார்ட்டர் மெஷின் வாங்கி மூன்று வருஷம் ஆகப் போகிறது, வழக்குப் போடக் காலக்கெடுவும் அந்த மூன்று வருஷம்தான். அரிசியைக் கேமரா வைத்துப் பார்த்து, கறுப்பும் பழுப்புமான மணிகளை மட்டும் காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷின். இவருக்கு வந்தது நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ளியது. கம்பெனி ஆள் வந்து வந்து திருகிப் பார்த்துவிட்டு, மெஷின் சரியாக இருக்கிறது, உங்கள் நெல்தான் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள், நஷ்ட ஈடு வேண்டும், மெஷினை மாற்றித் தர வேண்டும். முழு வணிக வழக்கு. அந்தக் கட்டை அவர் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோகாமல் என் மேஜை மேல் வைத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அவர் போன பிறகு அந்தக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன ஆடி மாதம் நீ ஊருக்கு வந்தாய். வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்று வாசலை ஒட்டிய என் ஆபீஸ் அறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோவில் ஒரு மத்தியஸ்த விசாரணை. மேலே கோட்டு, கீழே லுங்கி. நடுவர்கள் மூன்று பேர் எங்கெங்கோ இருந்தார்கள். பாதியில் உன் சீனியருக்கு லைன் கட்டாகிவிட்டது. “யூ மே கன்டின்யூ” என்று நடுவர் சொல்ல, நீ பிடித்துக்கொண்டாய். கால் மணி நேரம். கதவு ஓரத்தில் நான் நிற்கிறேன், எனக்கு முன்னால் பெஞ்சில் மில்காரர், என்னைப் பார்க்க வந்தவர், வாயைப் பிளந்துகொண்டு உன்னைப் பார்க்கிறார். நீ பேசியதில் ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்திருக்காது. எனக்கு எல்லாம் புரிந்தது. அதனால்தான் தாங்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது வருவதற்குப் பத்து வருஷம் ஆயிற்று.

“இன்னாம்மா தம்பி இங்கிலீசுல இப்டி பிச்சி ஒதர்றாரு!” என்றார் மில்காரர். நீ லேப்டாப்பை மூடியதும் உன்னிடமே கேட்டுவிட்டார். “தம்பி, நம்ம மெஷின் மேட்டர நீங்க ஒரு வாட்டி பாத்தா தேவல.”

“அம்மாகிட்டயே கேளுங்க சார். உங்க வக்கீல் அவங்கதான்” என்றாய் நீ.

பெரிய மனதோடுதான் சொன்னாய். அந்தப் பெரிய மனதுதான் என்னைச் சுருக்கென்று தைத்தது. என் கட்சிக்காரரை நீ எனக்குத் திருப்பித் தருகிறாய், நான் வாங்கிக்கொள்கிறேன். நீ அவரைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் உன்னோடு சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

மறுநாள் உன்னைச் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட வந்தேன், உன் பையைத் தூக்கிக்கொண்டு ஏழுமலையும் வந்தான். படியில் கால் வைத்தவன் திரும்பி, “மா, அந்த மெஷின் கேஸ், சூட் போடறதுக்கு முன்னாடி மீடியேஷன் மனு குடுத்துடுவல்ல? அவசரத் தடை எதுவும் கேக்கலன்னா அது கட்டாயம்” என்றாய்.

“எனக்குத் தெரியும்டா. நீ பாத்து ஏறு” என்றேன்.

எனக்குத் தெரியாது. வணிக வழக்கு போடுவதற்கு முன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுத்தே ஆகவேண்டும் என்பதை எப்போதோ படித்திருக்கிறேன். நம் முனிசீப் கோர்ட்டில் அதற்கு வேலை இல்லாததால் மனதில் நிற்கவில்லை. தெரியாதது பெரிய குற்றமில்லை. நீ சொன்ன பிறகும் வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறக்கவில்லையே, அதுதான் குற்றம். திறந்தால் நீ சொன்னது சரி என்று இருக்கும். பிறகு என் முதல் வணிக வழக்கில் முதல் அடியே நீ சொல்லி நான் எடுத்து வைத்ததாக ஆகிவிடும். சமரசம் என்பது ஒரு சம்பிரதாயம், அதற்காகவெல்லாம் பிராதைத் தள்ள மாட்டார்கள் என்று எனக்கு நானே வாதாடி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். கட்டைத் தைக்கும்போது ஏழுமலைகூடக் கேட்டான். “தம்பி இன்னாவோ மனுன்னு சொல்லிச்சேம்மா?” “நீ நூலக் கோத்துக் கட்டு” என்றேன்.

மாவட்டக் கோர்ட்டில் பிராது நிராகரிக்கப்பட்டது. நீதிபதி கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றரைப் பக்க உத்தரவு. வராந்தாவில் தூண் ஓரமாக நின்று படித்தேன். நீ பஸ் படியில் நின்று ஒரே வாக்கியத்தில் சொன்னதைத்தான் ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். அவமானத்தைவிட, உனக்குத் தெரிந்தால் எப்படி ஆறுதல் சொல்வாய் என்று நினைத்துத்தான் எனக்கு எரிந்தது.

அப்போதும் ஒன்றும் முழுகிப்போகவில்லை. மறுநாளே சமரச மனு கொடுத்திருந்தால் அன்றோடு காலக்கெடு நின்றிருக்கும், சமரசம் முடிகிறவரை ஓடாது. ஆனால் அதற்கு மில்காரரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மனுவில் சந்தேகம் வந்தால் உனக்கு போன் போட வேண்டும். இரண்டையும் செய்யாமல் உத்தரவைப் பீரோவில் துணிக்கடியில் வைத்தேன். அவர் வந்து, “நம்ம கேஸு எந்த மட்டுல கீதும்மா?” என்று கேட்டபோது, “அடுத்த மாசம் வாய்தா” என்றேன். வாய்தா வாங்குவது நமக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இல்லாத வழக்குக்கு வாய்தா சொன்னவள் நம் சங்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்னொருத்தர் இருந்தால் மலரைப் படித்துவிட்டு என்னை வந்து பார்க்கட்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் இரண்டு மாதம் மறைத்தேன். அவர் ஒவ்வொரு வாரமும் வந்தார். வரும்போதெல்லாம் ஒரு சின்ன கவரில் அரிசி. “இத பாரும்மா, நேத்தும் நல்ல அரிசியத்தான் தள்ளி வுட்டுக்கீது” என்று மேஜை மேல் வைப்பார். கவர் மேல் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதியிருக்கும். சாட்சியத்துக்கு வேண்டும் என்று முதல் நாள் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். வைத்துவிட்டு உடனே போக மாட்டார். பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். மின்விசிறியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். நான் வேறு கட்டைப் பிரித்துப் படிக்கிற மாதிரி பாவனை பண்ணுவேன். ஏழுமலை மட்டும் ஒருநாள், “வூட்லயே வைத்தியர வெச்சிக்கினு ஏம்மா பேஜாரு? தம்பிக்கு ஒரு போன் போட்டா இன்னா?” என்றான். அவனை வெளியே டீ வாங்க அனுப்பினேன்.

இந்தத் திங்கட்கிழமை மில்காரர் பதினோராவது கவரோடு வந்தார். நீ சிங்கப்பூர் போகும் செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. உனக்குக் கொடுக்கச் சொல்லி ஐந்து கிலோ பொன்னி அரிசி, சல்லடையில் கையாலேயே சலித்தது. “மெஷின நம்பல” என்றார். பிறகு வழக்கம்போல, “வாய்தா என்னிக்கும்மா?” என்று கேட்டார்.

“பன்னெண்டாம் தேதி” என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் பக்கம் திருப்பி மேஜை மேல் வைத்தார். கோர்ட்டு வழக்கு விவரம் பார்க்கிற செயலி. வழக்கு எண், என் பெயர், அதற்குக் கீழே ‘முடிவுற்றது’.

“எம் பொண்ணு அப்பவே காட்டிச்சும்மா” என்றார். “ரெண்டு மாசம் ஆவுது.”

“தெரிஞ்சிக்கினா வந்துக்கினு இருந்தீங்க?”

“நீயா சொல்லுவன்னு பாத்தேன். ஒவ்வொரு வாட்டியும் கவர வெச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கினு இருப்பனே, அதுக்குத்தான்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜையில் வரிசையாக இருந்த கவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கோவம் இல்லாமயா? கீது. காஞ்சிபுரத்துல வேற ஆளப் பாக்கலாம்னுதான் பொண்ணு சொல்லிச்சி. எந் தங்கச்சிக்கு நீ ஆறு வருசம் நின்ன. நா பஸ் ஏறல. ஆனா மில்ல நம்பி பன்னெண்டு குடும்பம் கீதும்மா. இப்ப இன்னா பண்ணப் போற, அதச் சொல்லு.”

சொன்னேன். உத்தரவை எடுத்து வந்து காட்டினேன். எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது, என்ன மனு கொடுக்க வேண்டும், அதை முதலிலேயே நீ சொன்னது, நான் கேட்காதது, ஏன் கேட்கவில்லை என்பது எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை மேல் பொறாமை என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு எழவில்லை. இருந்தாலும் சொன்னேன். அவர் உத்தரவை மடித்து மேஜை மேல் வைத்தார். பிறகு சிரித்தார், நைனா. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார்.

“நா மட்டும் யோக்கியமா? எங்கண்ணம் புள்ள அவன் மில்லுக்கு மொதல்ல இந்த மெஷின வாங்கிப் போட்டான். ஊரே போயிப் பாத்துச்சி. எனக்குத் தூக்கம் போச்சி. பேப்பரக்கூடப் படிக்காம மறுவாரமே நானும் வாங்கினேன்” என்றார்.

இந்தக் கதையை மலரில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “எழுதிக்க. மில்லு பேரப் போட்றாத, நா அரிசி விக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வாசலில் திரும்பி, “வெள்ளிக்கெழம மனு குடுக்கணும்” என்றார். அது வேண்டுகோள் இல்லை.

உனக்கு அறிவுரை சொல்லாமல் அனுப்பினால் இது கடிதம் ஆகாது. அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ‘எனக்குத் தெரியும்’ என்று அவசரமாகச் சொல்கிற சீனியர்களையும் கட்சிக்காரர்களையும் நீ அங்கே நிறையப் பார்ப்பாய். பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருதடவை சொல்லிவிட்டோமே என்று பஸ் ஏறிவிடாதே, இறங்கி வந்து இன்னொரு தடவை கேள். அவர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். இதைக்கூட நான் உன்மேல் கொஞ்சம் பழி போடுவதற்காகத்தான் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். புரிந்தாலும் நல்ல அறிவுரைதான்.

நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்று. வணிகச் சட்டத்தில் இன்றைக்கு இருக்கிற சிக்கல் என்ன என்று யாராவது கேட்டால், சட்டம் நம் வயதைப் பார்த்து நிற்காமல் ஓடுகிறது என்று சொல்லுங்கள். நேற்று வந்தவனுக்குத் தெரிந்தது முப்பது வருஷக்காரிக்குத் தெரியாமல் போகும். அப்போது போன் போட வேண்டும். போடுவதற்குக் கை வராது. எனக்கு இரண்டு மாதம் வரவில்லை.

இப்போது வேலைக்கு வருகிறேன். திங்கட்கிழமை மத்தியானமே சட்டத்தையும் விதிகளையும் எடுத்துவைத்து, வரி வரியாகப் படித்து, சமரச மனுவை நானே எழுதினேன். ஏழுமலை டைப் அடித்துவிட்டான். நகல் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அதைக் காஞ்சிபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போகப் போவது நானும் மில்காரரும். நீ கூட வர வேண்டாம். வந்தால் அவர் உன் முகத்தைத்தான் பார்ப்பார், அதைத் தாங்குகிற பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. வக்கீல் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். பொறாமை போய்விட்டது என்று நான் எங்கேயும் எழுதவில்லை, நீ அப்படிப் படித்துக்கொள்ளாதே.

ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் நீ வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு என் ஆபீஸ் அறைக்கு வா. என் நாற்காலியில் உட்கார். உன் சிவப்புப் பேனாவைத் தேட வேண்டாம், டிராயரைத் திறந்து நானே எடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் மை காய்ந்துபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் ரீஃபில் வாங்கிப் போட்டு, எழுதிப் பார்த்து, மனுவின் மேல் வைத்திருக்கிறேன். எத்தனை தப்பு இருந்தாலும் அத்தனைக்கும் வட்டம் போடு. எனக்காக ஒன்றைக்கூட விட்டுவைக்காதே. இந்தத் தடவை ஏழுமலையிடம், நீ போட்டபடியே அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா